சிறு வயது முதல் பதற்றம், மூன்று ஆண்டுகளாக பேனிக் அட்டாக்: மீள முடியுமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து 29 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது. நினைவு தெரிந்த நாள் முதல் பயந்த சுபாவம். மூன்று ஆண்டுகளுக்கு முன் சென்னைக்குப் போகும் இரவு ரயிலில் திடீரென்று நெஞ்சு அடைத்தது, விரல்கள் மரத்தன, செத்துவிடுவோம் என்று தோன்றியது. கோவில்பட்டியில் இறங்கிவிட்டார். அதன் பிறகு நான்கு முறை இ.சி.ஜி., ஒரு முறை எக்கோ எடுத்தும் எல்லாம் சரியாகவே இருக்கிறது. சென்னை வேலை போய்விட்டது. இப்போது அம்மா துணைக்கு வராமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லிடைக்குறிச்சிக்குக்கூடப் போக முடியவில்லை. கையில் மந்திரித்த கயிறு, சட்டைப் பையில் பதற்றத்தைத் தணிக்கும் அல்ப்ரசோலம் மாத்திரை. இது குணமாகுமா, மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டுமா, எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமா என்று மூன்று கேள்விகள் கேட்கிறார்.

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இரவில் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று எனக்குத் தெரியும். பைத்தியம் பிடிக்காது. பேனிக் அட்டாக் என்கிற இந்தப் பீதி உச்சத்தில் இருக்கும்போது அறிவு கழன்று போவது போல இருக்கும். எதிரே நிற்பவர்கள் கண்ணாடிக்கு அப்பால் நிற்பது போல இருக்கும். அது பீதியின் அறிகுறிகளில் ஒன்று, அவ்வளவுதான். மனச்சிதைவு வேறு நோய். பேனிக் அட்டாக் முற்றி மனச்சிதைவாக மாறுவதில்லை.

எனக்கு 62 வயது. பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஒன்பது வயதிலிருந்து இதோடு இருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. படித்ததையும் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் வீடு அப்போது திருநெல்வேலி டவுனில். அம்மா காலையில் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போவாள். பத்து நிமிடம் தாமதமானால் போதும், அவளை ஆறு இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று முடிவு செய்து திண்ணையில் நின்று அழுவேன். பரீட்சை என்றால் முதல் நாளே வயிறு கலக்கும். "பயந்த பிள்ளை" என்று ஆச்சி திருநீறு பூசிவிடுவாள். அப்பாவும் அப்படித்தான் இருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை எழுந்து போய்ப் பார்ப்பார். கடிதம் வந்தால் பிரிக்கும் முன்பே முகம் வெளுத்துவிடும். பேனிக் அட்டாக் திரும்பத் திரும்ப வருகிற பீதி நோயில் மரபின் பங்கு சுமார் 40 சதவீதம் என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே உங்கள் பயத்துக்கு உங்களையோ உங்கள் அம்மாவின் வளர்ப்பையோ குற்றம் சொல்ல வேண்டாம். நிறமும் உயரமும் வந்த வழியில்தான் இந்த உடம்பும் வந்தது.

எனக்கு முதல் பேனிக் அட்டாக் 1982-ல், 19 வயதில் வந்தது. தென்காசியில் பெரியப்பா மகள் கல்யாணம். பஸ்ஸில் நல்ல கூட்டம். மாறாந்தை தாண்டியதும், பக்கத்தில் இருந்தவரின் மல்லிகைப் பூ வாசனை திடீரென்று மூச்சை அடைப்பது போல இருந்தது. உதடு மரத்தது, விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. இதயம் தொண்டைக்குள் அடித்தது. ஆலங்குளத்தில் பஸ் நின்றதும் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கி ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அண்ணாச்சி ஒரு கோலி சோடாவை உடைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், என் வாழ்க்கையில் பதினான்கு ஆண்டுகளைத் தின்றது அந்த அட்டாக் இல்லை. ஆலங்குளத்தில் இறங்கினேனே, அந்த இறக்கம்தான். பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாலும் அதே கால் மணி நேரத்தில் அது அடங்கியிருக்கும். ஆனால் என் மூளை, "இறங்கினாய், பிழைத்தாய்" என்று குறித்துக்கொண்டது. அடுத்த முறை பஸ் ஏறும்போதே "எங்கே இறங்கலாம்" என்று கேட்க ஆரம்பித்தது. நீங்கள் கோவில்பட்டியில் இறங்கியதும் இதேதான்.

பிறகு ஊர் சுருங்கியது. முதலில் தென்காசி போயிற்று, பிறகு பேட்டை. கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு சுலோசன முதலியார் பாலத்தின் மேல் பஸ் நெரிசலில் நிற்குமே, அந்தச் சில நிமிடங்களுக்குப் பயந்து டவுனில் இருக்கிற அம்மாவை மாதக்கணக்கில் போய்ப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். சில கிலோமீட்டர்தான் தூரம். அம்மா நான் மாறிவிட்டேன் என்று நினைத்தாள். அவளிடம் காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சினிமா, கோயில் கொடை, ஆனித் தேர், வளைகாப்பு, எல்லாவற்றுக்கும் ஒரு தலைவலியைக் காரணம் சொன்னேன். ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையில் இதயத்தின் படத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலருகில் போய் நின்றேன். முதல் பெஞ்சுப் பிள்ளை தண்ணீர் கொண்டு வந்தாள். அட்ரினலின் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவள் நான். ஆனால் என் உடம்பில் ஓடுவது அதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மாரடைப்பு என்றே நினைத்தேன்.

உள்ளே நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை முடிவு செய்தால், உண்மையான ஆபத்தா பொய்யா என்று பார்க்காமல், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ சண்டையிடவோ தசைகளுக்கு ரத்தம் வேண்டும் என்பதால் இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சும் வேகமாகிறது. ஆனால் நீங்கள் ஓடவில்லை, ரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே தேவைக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும், அதனால்தான் தலை கிறுகிறுப்பு. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, அதில் தனித்து உலவும் கால்சியம் குறையும், அதனால்தான் உதடும் விரலும் மரத்துப்போவது. மூச்சு முட்டுவது போல இருந்தாலும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறையவே இருக்கும்.

மயங்கி விழுந்துவிடுவோம் என்பதுதான் பலருக்கும் பெரிய பயம். மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று குறைய வேண்டும். பீதியில் அது கூடுகிறது. ஊசியையும் ரத்தத்தையும் கண்டு பயப்படுகிறவர்கள் மட்டும் விதிவிலக்கு, அவர்களுக்கு அழுத்தம் இறங்கி மயக்கம் வருவதுண்டு. மற்றபடி பேனிக் அட்டாக்கில் மயங்கி விழுவது மிக அரிது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கிவிடும். எதுவுமே செய்யாமல் இருந்தாலும் இறங்கும், ஏனென்றால் ரத்தத்தில் அட்ரினலின் சில நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை.

அப்படியானால் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-ல் இதைத் தெளிவாக விளக்கினார். படபடப்பு வருகிறது. அதை மாரடைப்பு என்று மனம் அர்த்தம் செய்கிறது. அந்த அர்த்தம் பயத்தைக் கூட்டுகிறது, பயம் படபடப்பைக் கூட்டுகிறது, கூடிய படபடப்பைப் பார்த்து "நான் சொன்னது சரிதான்" என்கிறது மனம். பஸ்ஸும் ரயிலும் வெறும் இடங்கள். நாம் பயப்படுவது நம் உடம்புக்குள் எழும் அந்த உணர்வுக்கு.

எனக்கு 33 வயதாகும்போது, 1996-ல், ஒரு மனநல மருத்துவர் இதை எனக்குக் காட்டினார். விளக்கியதோடு நிறுத்தவில்லை, காட்டினார். நாற்காலியில் உட்காரவைத்து, "ஒரு நிமிடம் வாயைத் திறந்து வேகமாக, ஆழமாக மூச்சு விடுங்கள்" என்றார். நாற்பது விநாடிக்குள் உதடு மரத்தது, விரல்களில் எறும்பு ஊர்ந்தது, அறை தள்ளிப் போய் நின்றது. ஆலங்குளத்தில் வந்த அதே பேய். நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் மேசைமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நிறுத்துங்கள். இப்போது ஒன்றும் செய்யாமல் இருங்கள்" என்றார். மூன்று நிமிடத்தில் எல்லாம் கலைந்துபோனது. "அதை நீங்களே வரவழைத்தீர்கள். அது தானாகவே போயிற்று. நான் மருந்து ஏதும் கொடுக்கவில்லை" என்றார். பதினான்கு ஆண்டுகளில் யாரும் எனக்குக் கொடுக்காத நிம்மதியை அந்த நான்கு நிமிடம் கொடுத்தது. பீதி நோய் என்ற பெயரையும் அன்றுதான் கேள்விப்பட்டேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அது தனி நோயாக இடம்பெற்றதே 1980-ல்தான். இந்த மூச்சுப் பயிற்சியை இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாங்களாகச் செய்து பார்க்கக் கூடாது. மற்றவர்களும் முதல் முறை மருத்துவர் முன்னால் செய்வதே நல்லது.

அதன் பிறகு பஸ். என் பையில் அப்போது என்னென்ன இருந்தன தெரியுமா? முகர்ந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சிறு புட்டி ஓமத் தண்ணீர், அரை மாத்திரை, குலதெய்வக் கோயில் திருநீறு. ஜன்னலோர இருக்கை இல்லையென்றால் ஏறமாட்டேன். தங்கை கூட வந்தாக வேண்டும். மருத்துவர் இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னார். "இவைதான் உங்களைக் காப்பாற்றுவதாக உங்கள் மூளை நம்புகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றினால்தான் காப்பாற்ற அங்கே ஆபத்தே இல்லை என்று அதற்குத் தெரியும்" என்றார்.

முதல் நாள் பழைய பேட்டை வரை மட்டும். நான்காம் நாள் பல்கலைக்கழகம் இருக்கிற அபிஷேகப்பட்டி வரை. எலுமிச்சம்பழம் முதல் வாரத்திலேயே போயிற்று. தங்கை முதலில் பக்கத்தில் உட்கார்ந்தாள், பிறகு இரண்டு இருக்கை தள்ளி, பிறகு பின்னால் வரும் பஸ்ஸில், பிறகு வீட்டில். பையில் இருந்த அரை மாத்திரைதான் கடைசியில் கழன்றது. போடாமலே வைத்திருந்த மாத்திரைதான், ஆனாலும் அதுதான் மிகக் கனமாக இருந்தது. ஏறும் முன் ஒரு நோட்டில் எழுதுவேன்: "இன்று மயங்கி விழுவேன், 90 சதவீதம் நிச்சயம்." இறங்கியதும் அதன் கீழே எழுதுவேன்: "விழவில்லை. பயம் இருந்தது. சீதபற்பநல்லூர் வரை போனேன்." அந்த நோட்டில் நாற்பத்தேழு முறை விழுவதாக எழுதியிருக்கிறேன். ஒரு முறையும் விழவில்லை.

ஆலங்குளம் வந்த நாளை மறக்க முடியாது. பஸ் நின்றது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் ஏறினார்கள். கால்கள் தாமாக எழப் பார்த்தன. கம்பியைப் பிடிக்கக்கூட கூடாது என்று இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். நெஞ்சு அடித்த அடியில் சேலைத் தலைப்பு ஆடுவது எனக்கே தெரிந்தது. "வா, இன்னும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் வா" என்று உள்ளுக்குள் சொன்னேன். வந்தது. பஸ் கிளம்பியது. அத்தியூத்து தாண்டும்போது கை சூடாகிவிட்டது. பாவூர்சத்திரத்தில் காய்கறி மூட்டைகள் ஏற்றுவதை வேடிக்கை பார்த்தேன். அட்டாக்கின் போது வெளியே எதுவும் கண்ணில் படாது தம்பி, உடம்பை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்போம். மூட்டையைப் பார்த்தேன் என்பதே எனக்குப் பெரிய சேதி. தென்காசியில் இறங்கியதும் கோபுரத்தைப் பார்த்தேன். சிறு வயதில் நான் பார்த்தபோது அது இடிந்து மொட்டையாக நின்றது. 1990-லேயே ஒன்பது நிலைகளோடு எழுந்து கும்பாபிஷேகமும் ஆகிவிட்டது. ஊர் உலகமெல்லாம் வந்து பார்த்துவிட்டது. ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த நான் ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தேன். தெருவில் நின்று அழுதேன்.

பயத்தை எதிர்த்துப் போராடு என்று உங்களுக்கு நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். அந்த அறிவுரை எனக்கு ஒரு நாளும் உதவியதில்லை. ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்ற மருத்துவர் 1960-களிலேயே நோயாளிகளிடம் சொன்னது வேறு: எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து போ, நேரம் கடக்கட்டும். இளம் வயதில் அவரே படபடப்பால் தவித்தவர். நம் ஆற்றுப் பிள்ளைகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. குறுக்குத்துறையில் அப்பா எனக்கு நீச்சல் பழக்கியபோது முதலில் கற்றுக்கொடுத்தது மல்லாந்து மிதப்பதைத்தான். "இழுப்பில் மாட்டினால் எதிர்த்து அடிக்காதே, கை சோர்ந்துவிடும். மல்லாந்து கிட, ஆறே உன்னை ஒரு கரையில் ஒதுக்கும்" என்பார். அங்கே ஆற்றின் நடுவிலேயே இருக்கிறதே முருகன் கோயில், வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டுக் கோயிலை அப்படியே ஆற்றுக்கு விட்டுவிடுவார்கள். படகின் முனை போலக் கட்டியிருப்பதால் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போகும். சில நாள் கோபுரத் தலை மட்டும் தெரியும், பிறகு அதுவும் தெரியாது. வடிந்த பிறகு சேற்றைக் கழுவிவிட்டுப் பூசை நடக்கும். எத்தனை வெள்ளம் பார்த்த கோயில் அது. அட்டாக் வரும்போது நான் அந்தக் கோயிலை நினைத்துக்கொள்வேன்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? வந்துவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். தோளைத் தளர்த்துங்கள். மூச்சை இழுப்பதை விட விடுவதை நீளமாக்குங்கள், நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. அதையும் "இதைச் செய்யாவிட்டால் செத்துவிடுவேன்" என்று செய்தால் அது இன்னொரு எலுமிச்சம்பழமாகிவிடும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வதைக் கேட்காதீர்கள். வந்திருப்பது உண்மையில் ஆஸ்துமாவோ மாரடைப்போ ஆனால் அது ஆபத்து.

இனி மாத்திரை. உங்கள் பையில் இருக்கும் அல்ப்ரசோலம் அரை மணி நேரத்தில் வேலை செய்யும், அதுதான் அதன் கவர்ச்சி. வாரக்கணக்கில் தினமும் எடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும், அளவு கூடும், சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால்தான் மருந்துக் கடைகள் மருத்துவர் சீட்டைப் பார்த்துப் பதிவு செய்து கொடுக்க வேண்டிய எச்1 அட்டவணையில் அதை வைத்திருக்கிறார்கள். நீங்கள் தினமும் எடுத்துவருகிறீர்கள் என்றால் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

பீதி நோய்க்கு முதல் மருந்து அது இல்லை. செர்ட்ராலின், எசிட்டலோப்ராம் போன்றவைதான் பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படுகின்றன. இவை போதை தருபவை இல்லை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: முதல் ஒன்றிரண்டு வாரங்களில் படபடப்பு சற்றுக் கூடலாம். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் மருத்துவர்கள் குறைந்த அளவில் தொடங்குவார்கள். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடர்ந்து, பிறகு மெல்லக் குறைப்பார்கள். எனவே ஆயுள் முழுக்க வேண்டுமா என்றால், பெரும்பாலோருக்கு வேண்டாம். சிலருக்கு நீண்ட காலம் வேண்டியிருக்கும், சர்க்கரைக்கு மாத்திரை போடுவது போல அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் மூன்று ஆண்டுகள் எடுத்தேன். மாத்திரை அலையைத் தணித்தது, பஸ் ஏறும் வேலையை நான்தான் செய்ய வேண்டியிருந்தது.

எங்கே போவது என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மருத்துவர் வருவார், உங்கள் ஊரில் எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே இறங்கவே முடியாத நாட்களில் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை, இரவு பகல் எந்நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். வாழ வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் கூப்பிடுங்கள். போகும்போது தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடச் சொல்லுங்கள். தைராய்டு கூடினாலும் ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்: மாடிப்படி ஏறினால் வருகிற, நின்றால் குறைகிற நெஞ்சுவலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, இவற்றை "பதற்றம்தான்" என்று விடக் கூடாது, உடனே மருத்துவமனை. ஆனால் ஒரு முறை முழுதாகப் பார்த்து இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு ஐந்தாவது இ.சி.ஜி. வேண்டாம். அது தரும் நிம்மதி இரண்டு நாள் தாங்காது. பிறகு ஆறாவதைக் கேட்கும்.

காபியை ஒரு வேளையாகக் குறையுங்கள், காஃபீன் பீதியைத் தூண்டும். குடிக்கிற பழக்கம் இருந்தால், இரவில் அது பயத்தை அமுக்கும், மறுநாள் காலையில் வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். தினமும் வியர்க்க நடங்கள். வியர்வையும் வேகமான இதயமும் ஆபத்தில்லை என்று உடம்பு அப்படியும் கற்றுக்கொள்ளும்.

கையில் இருக்கும் கயிற்றைப் பற்றி. அவிழ்த்து எறியச் சொல்லமாட்டேன். எனக்கும் சுடலைமாடன் கோயில் கொடையில் சாமியாடி வேப்பிலை அடித்து, "பயம் போயிற்று போ" என்றார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன், அது உண்மை. அந்த ஊரே என்மேல் கைவைத்து நிற்பது போன்ற ஆறுதல் அது. ஆனால் கயிறு அறுந்தால் அட்டாக் வரும் என்று ஒரு நினைப்பு உங்களுக்கு இருந்தால், அதைக் கவனியுங்கள். சாமிக்காகக் கட்டியிருந்தால் இருக்கட்டும். அட்டாக்குக்காகக் கட்டியிருந்தால், அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் பூசையறையில் கழற்றி வைத்துவிட்டுப் போய் வாருங்கள்.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை, இதை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். அம்மா, பிள்ளைக்குத் துணையாகப் போகிறீர்கள், அது பாசம். ஆனால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அவன் மூளை "அம்மா இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் எழுதிக்கொள்கிறது. "தைரியமாக இரு" என்று சொல்ல வேண்டாம், அது அவனுக்கு இல்லாததை நினைவூட்டும். "இப்போது எப்படி இருக்கிறது" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்க வேண்டாம். அட்டாக் வந்தால் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவன் ரயிலேறும் நாளில் பிளாட்பாரத்தில் நின்று கையசைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். அது உங்களுக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். என் தங்கைக்கும் அப்படித்தான் இருந்தது.

குணமாகுமா? பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் இந்தச் சிகிச்சையை முழுதாகச் செய்தவர்களில் பெரும்பான்மையோர் நன்றாகிறார்கள், அது உலகெங்கும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். என் கதையைக் கேட்டால், பிறவியோடு வந்த பதற்றம் என்னை விட்டுப் போகவில்லை. இன்றும் நள்ளிரவில் போன் அடித்தால் நெஞ்சு துள்ளும். ஆனால் பல ஆண்டுகள் ஒரு அட்டாக்கும் இல்லாமல் இருந்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில், மின்சாரம் இல்லாமல், மகனோடு பேச முடியாமல் இருந்த இரவில் மறுபடி வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். உதடு மரத்தது. "ஆலங்குளம் வந்திருக்கிறது" என்று பக்கத்தில் படுத்திருந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார், ஒன்றும் கேட்கவில்லை. வந்தது, நின்றது, போயிற்று. காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். திரும்ப வந்துவிட்டதே, பட்ட பாடெல்லாம் வீணா என்று முப்பது வயதில் நினைத்திருப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

உங்கள் ஊரில் உங்களுக்கு வாய்த்திருப்பது போன்ற ஏணி எல்லோருக்கும் வாய்க்காது தம்பி. அம்பாசமுத்திரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினால் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை, டவுன், ஜங்ஷன். ஸ்டேஷன்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலில் மருத்துவரைப் பாருங்கள், மாத்திரையை என்ன செய்வது என்று அவர் சொல்லட்டும். பிறகு ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் வாரம் கல்லிடைக்குறிச்சி, வாரத்துக்கு நான்கைந்து முறை. அங்கே இறங்கி, பிளாட்பாரத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புங்கள். போகும் முன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை எழுதுங்கள், வந்ததும் என்ன நடந்தது என்று எழுதுங்கள். பயம் நூற்றுக்கு 90-லிருந்து 50-க்கு வந்த பிறகு வீரவநல்லூர். சில நாள் பின்னுக்குப் போகும், போகட்டும், அன்று அதே ஸ்டேஷனை மறுபடி செய்யுங்கள். எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று ஏறும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், நடுவில் பயம் சொல்லும் ஸ்டேஷனில் இறங்காதீர்கள். ஜங்ஷன் வந்த நாளில் எனக்கு எழுதுங்கள். கோவில்பட்டிக்கு எப்போது டிக்கெட் எடுப்பது என்று பிறகு பேசலாம்.